நாமினி வேறு, வாரிசு வேறு

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார் (ஊரை மட்டும் மாற்றியிருக்கிறேன்). மஞ்சப்பையில் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக்குகள். நாமினி என்று தன் பெயர் இருந்த இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு. அப்பா இறந்து 5 மாதம். அவர் போட்டுவைத்த 15 லட்சம் டெபாசிட்டை எடுத்து மாடி கட்டத் தொடங்கிவிட்டார். சத்துவாச்சாரி கோர்ட்டில் தங்கைகள் இருவரும் வழக்குப் போட்ட பிறகுதான் வக்கீலான என் ஞாபகம் வந்திருக்கிறது.

"அப்பா என் பேரைத்தானே சார் போட்டாரு?"

இந்த மாதத்தில் இதே கேள்வி மூன்றாவது முறை.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அதை வைத்து அவர்கள் சமைக்கலாமா? நாமினியும் அப்படித்தான். வாங்கி வைத்திருந்து உரியவர்களிடம் கொடுக்க வேண்டியவர். நாமினியிடம் கொடுத்ததோடு பேங்கின் பொறுப்பு முடிந்தது. வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இதை 1984இல் இன்ஷூரன்ஸுக்கும், 2010இல் பேங்க் டெபாசிட்டுக்கும், 2023இல் ஷேர்களுக்கும் சொல்லியாயிற்று. 2015இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்திய பின், பணம் நாமினிக்கே என்று வாதாட அதில் இடம் உண்டு. அதை டெபாசிட்டுக்கு இழுக்காதீர்கள். மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. ஆனால் அங்கேயும் நாமினி முதலாளி இல்லை.

"அப்பாவைப் பெத்த பாட்டி இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. அவங்களுக்கு இதுல என்ன சார்?"

வாரிசு சான்றிதழ் மனுவில் பாட்டி பெயரையே எழுதவில்லை! 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருடைய மனைவி, மகன், மகளோடு பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள் என்று 5 பங்கு. இவருக்கு 3 லட்சம்.

தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும், பங்கு பிரித்துத் தராது. கோர்ட் உத்தரவு வேண்டும் என்று பேங்க் கேட்டால் வாரிசுரிமைச் சான்றிதழுக்கு சிவில் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். குடும்ப விவகாரம்தானே என்று குடும்பநல நீதிமன்றத்தில் போய் நிற்காதீர்கள். அந்தச் சான்றிதழும் டெபாசிட், ஷேர், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்குத்தான்; வீடு, நிலத்துக்கு ஆகாது.

பெரியவர்களே, உயில் எழுதிவையுங்கள். வெள்ளைத்தாள் போதும், பத்திரத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

"காங்கிரீட் போட்டாச்சே சார்..." என்றார். அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த மஞ்சப்பையோடு தங்கைகள் வீட்டுக்கு ஒரு நடை போய்வரச் சொல்லியிருக்கிறேன்.