பேஸ்பால் வீரருக்கு எதற்குக் கர்ப்பகால ஹார்மோன்?

2009 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் மானி ராமிரெஸுக்கு 50 ஆட்டங்கள் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. அவர் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். விசாரணையில் அடிபட்ட மருந்தின் பெயர் எச்சிஜி. கருவுற்ற பெண்ணின் உடலில் நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் அது. மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழுவது இந்த ஹார்மோனால்தான். 16 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் இறுதியில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஜூரிக்சன் புரொஃபாருக்கும் இதே எச்சிஜிக்காக 80 ஆட்டங்கள் தடை வந்தது.

செய்தியைப் படித்த நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஹார்மோன் மருத்துவன். தென் ஃப்ளோரிடாவில், ஆண்டுதோறும் பல பேஸ்பால் அணிகள் வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து இறங்கும் பகுதியில், பல ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். எச்சிஜி ஊசியை நானும் எழுதித் தருகிறேன், குழந்தைப்பேறு தாமதமாகும் ஆண்கள் சிலருக்கு. ஆரோக்கியமான ஓர் இளைஞனின் உடலில் அது ஏன் நுழைகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இரு வீரர்களுக்கும் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இந்த மருந்து தடைப்பட்டியலில் ஏன் இருக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. விரைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி எல்எச் என்ற ஹார்மோன் மூலம் ஆணை அனுப்புவது அதுதான். டெஸ்டோஸ்டிரோன் போல வேலை செய்து தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து ஊசியிலோ மாத்திரையிலோ உள்ளே வந்தால், ‘வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறதே’ என்று பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத விரைகள் சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி குறைந்து, சிலருக்கு அடியோடு நிற்கிறது. தோளும் தொடையும் பெருத்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில் உள்ளே இது நடக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகுதான் ஆள் விழுகிறான். வெளியிலிருந்து வந்தது நின்றுவிட்டது, உள்ளே ஊறுவதும் இல்லை. அந்த வறட்சியைக் கடக்க, எல்எச் போலவே நடித்து விரைகளைத் தட்டி எழுப்பும் எச்சிஜியை ஏற்றிக்கொள்கிறார்கள். விரை விழித்துக்கொள்ளலாம். பிட்யூட்டரி அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஊக்கமருந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாரை ஏமாற்றினார்கள் என்ற கேள்வி வருகிறது. ரசிகர்களையா, எதிரணியையா, பழைய சாதனையாளர்களையா என்று பட்டியல் நீளும். என் அறையில் உட்கார்ந்து பார்க்கும்போது முதலில் ஏமாற்றப்பட்டது அந்தப் பட்டாணிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தாயுடன் ஓர் இளைஞன் வந்தான். அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 19, கல்லூரி அணியில் பந்து வீசுபவன். சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லை என்று குடும்ப மருத்துவர் அனுப்பியிருந்தார். தைராய்டாக இருக்கும் என்று தாய் நம்பிக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில், 300-க்கு மேல் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் 58 என்று வந்திருந்தது. எல்எச், கருவியால் அளக்கவே முடியாத அளவுக்குக் கீழே. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் தரைமட்டத்தில். இரத்தம் மட்டும் இயல்புக்கு மேல் கெட்டியாக இருந்தது.

தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பரிசோதித்தேன். எங்கள் துறையில் விரையின் அளவைப் பார்க்க ஒரு மணிக்கோவை வைத்திருப்போம். ஜெபமாலை போல நூலில் கோத்த, முட்டை வடிவான 12 மணிகள். மிகச் சிறியது 1 மில்லி, பெரியது 25. ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறு கையால் மணிகளை உருட்டி ஒப்பிட வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 15-க்கு மேல் இருக்க வேண்டும். இவனுக்கு என் விரல் 10-ல் நின்றது. ‘எத்தனை மாதம் எடுத்தாய்?’ என்று மட்டும் கேட்டேன். ‘எடுத்தாயா?’ என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். மணிகளையே பார்த்துக்கொண்டு, ‘ஐந்து மாதம் டாக்டர். நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது’ என்றான்.

பந்தின் வேகம் கூடினால் தொழில்முறை அணிகளின் கண்ணில் படலாம் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்து நண்பன் ஊசி வாங்கித் தந்திருக்கிறான். அதோடு, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டி இணையத்தில் விற்கும், தசையை வளர்க்க எடுக்கும் ஆஸ்டரின் என்ற சொட்டு மருந்தும். அது ஸ்டீராய்டு இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று நம்பியிருக்கிறான். ஆஸ்டரினும் பிட்யூட்டரியை அடக்கக்கூடியதுதான். பேஸ்பாலின் தடைப்பட்டியலிலும் அது இருக்கிறது.

அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அவன் பிறப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்ட பெரியவர்கள்மீதுதான். 1991-லேயே பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டு உள்ளிட்ட போதை மருந்துகளுக்கு இடமில்லை என்று அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் வீரர் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் பரிசோதிக்க முடியாது. ஆகவே அது காகிதமாகவே கிடந்தது. 1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் இறுதிப் போட்டியே நடக்கவில்லை. ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது 1998-ன் ஹோம் ரன் பந்தயம், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பதில் நடந்த போட்டி. 1961-ல் ரோஜர் மாரிஸ் அடித்த 61 என்ற எண்ணை ஒரே பருவத்தில் இருவர் தாண்டினார்கள். மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66. அந்த ஆகஸ்டில் மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் புட்டி ஒன்றை ஒரு செய்தியாளர் பார்த்து எழுதினார். உடலில் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள் அது. அப்போது சட்டப்படி கடையில் கிடைத்தது, பேஸ்பாலும் தடை செய்திருக்கவில்லை. பலரின் எரிச்சல் அந்தச் செய்தியாளர்மீது திரும்பியது. கடைகளில் அந்தப் புட்டியின் விற்பனை கூடியது. வாங்கியவர்களில் பள்ளிப் பையன்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்? ஸ்டீராய்டு எடுத்ததை மெக்வயர் ஒப்புக்கொண்டது 2010-ல்தான்.

தண்டனை இல்லாத, பெயர் வெளியிடாத பரிசோதனையே 2003-ல்தான் தொடங்கியது. அப்படிப் பார்த்ததிலேயே 5 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் ஊக்கமருந்து தென்பட்டது. 2005-ல் முதல் தவறுக்கு 10 நாள் தடை. 2006 முதல் 50 ஆட்டங்கள். 2014-லிருந்து முதல் தவறுக்கு 80, இரண்டாவதற்கு ஒரு பருவம் முழுக்க 162, மூன்றாவதற்கு நிரந்தரத் தடை. பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி விசாரித்து 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கை 89 வீரர்களின் பெயரைச் சொன்னது. எல்லாம் நல்ல நடவடிக்கைகள்தான், எல்லாம் பிந்தி வந்தவை.

2005 மார்ச் 17 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நட்சத்திர வீரர்கள் வரிசையாக உட்கார்ந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ரஃபேல் பல்மெய்ரோ விரலை நீட்டி, தான் ஒருபோதும் ஸ்டீராய்டு எடுத்ததில்லை என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டுக்கான பரிசோதனையில் சிக்கித் தடை பெற்றார். என் மனதில் நிற்பது அதே நாளில் சாட்சி சொன்ன ஒரு தந்தை. டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் பள்ளி அணியில் பந்து வீசிய அவருடைய மகனிடம், உடம்பைப் பெருக்கு என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். பையன் ஸ்டீராய்டு எடுத்தான். 2003-ல், 17 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஸ்டீராய்டை நிறுத்திய வாரங்களில் வரும் மனச்சோர்வு எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்த பையனிடம் ஹார்மோன் பற்றிப் பேசும் முன்பே, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேளுங்கள். வருகிறது என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இங்கே ஒரு மருத்துவனாக நியாயமாகவும் பேச வேண்டும். 1996-ல் தேசிய லீகின் மிக மதிப்புமிக்க வீரராகத் தேர்வான கென் காமினிட்டி, அந்தப் பருவத்தில் ஸ்டீராய்டு எடுத்ததை 2002-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2004 அக்டோபரில் 41 வயதில் இறந்தார். ஸ்டீராய்டு கொன்றது என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். பதிவான காரணம் கோக்கெய்னும், ஓபியேட் என்ற அபினி வகைப் போதை மருந்தும். துணைக் காரணங்களாக இதயத் தமனி நோயும் தடித்துப் பெருத்த இதயமும் குறிக்கப்பட்டன. ஸ்டீராய்டு எச்டிஎல்லைக் குறைக்கும், இதயத் தசையைத் தடிக்கச் செய்யும். எதில் எவ்வளவு பங்கு என்று ஒரே உடலில் பிரித்துச் சொல்ல முடியாது. மிகைப்படுத்திப் பயமுறுத்தினால் பையன்கள் நம்மை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

பரிசோதனையை எப்படித் தப்பிக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். ஆய்வகத்தின் வேலையைச் சொன்னால் அதற்குப் பதில் கிடைக்கும். டெஸ்டோஸ்டிரோனும் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற அதன் இரட்டையும் சிறுநீரில் பெரும்பாலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். விகிதம் 4-ஐத் தாண்டினால் சந்தேகம். கலிபோர்னியாவின் பால்கோ நிறுவனம் இரண்டையும் சேர்த்தே களிம்பாக்கிக் கொடுத்தது, விகிதம் குலையாமல் இருக்க. எந்தச் சோதனையிலும் தெரியாத டிஎச்ஜி என்ற புது ஸ்டீராய்டையும் விநியோகித்தது. 2003-ல் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் அந்த மருந்தின் மிச்சம் ஒட்டிய சிரிஞ்சை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பிவைத்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வகத்தில் டான் காட்லின் குழு அதை இனங்கண்டது. இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆலையில் செய்யும் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சோயா போன்ற தாவரங்கள் மூலப்பொருள். அவற்றில் கார்பன்-13 சற்றுக் குறைவு. கலப்பாக உண்ணும் மனிதனின் உடல் தானே செய்யும் ஹார்மோனில் அது கொஞ்சம் கூடுதல். ஆகவே விகிதத்தை எப்படிச் சமன் செய்தாலும், இது உடலில் ஊறியதா ஆலையில் வந்ததா என்று கார்பனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, ‘தெரியாமல் உடலில் சேர்ந்துவிட்டது’ என்ற விளக்கம். 2022 ஆகஸ்டில் சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு குளோஸ்டெபால் காரணமாக 80 ஆட்டங்கள் தடை. படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் அது இருந்தது என்றார். குளோஸ்டெபால், புண் ஆறுவதற்காகச் சில நாடுகளில் ஆன்டிபயாட்டிக்குடன் கலந்து விற்கும் ஸ்டீராய்டு. பூஞ்சையைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால் தோலில் பூசுவது இரத்தத்தில் சேரும் என்பது உண்மை. நம்மவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வதையும் இங்கே சொல்ல வேண்டும். ஊரில் படர்தாமரைக்கும் அரிப்புக்கும் கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு களிம்பு வேறு வகை, ஆஸ்துமா இன்ஹேலரில் இருப்பதும் அந்த வகைதான். அது தசையை வளர்க்காது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளை அங்கியைப் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். எங்கள் பகுதியில், கோரல் கேபிள்ஸில், வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பயோஜெனிசிஸ் என்ற மருத்துவ நிலையம் இருந்தது. நடத்திய ஆந்தனி பாஷ் மருத்துவரே அல்லர். நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2014 பருவம் முழுவதையும் இழந்தது அந்த விவகாரத்தில்தான். செய்தித்தாள்கள் நட்சத்திரங்களைப் பற்றியே எழுதின. வழக்கில் வெளிவந்த மற்றொரு செய்தி, பள்ளிப் பையன்களுக்கும் பாஷ் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார் என்பது. சில பிள்ளைகளைப் பெற்றோரே அழைத்து வந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. எலும்பின் வளர்முனை மூடாத வயதில் ஸ்டீராய்டு கொடுத்தால் அது முன்கூட்டியே மூடி, பிள்ளையின் உயரம் அங்கேயே நின்றுவிடும்.

என்னிடம் வந்தவனுக்கு எட்டாவது மாதம்தான் எல்எச் அளக்கக் கூடிய அளவுக்கு ஏறியது. சிலருக்கு ஓராண்டைத் தாண்டுகிறது, சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. மறுபடி பந்து வீசலாமா என்று கேட்டான். வீசலாம் என்றேன். பழைய வேகம் வரவில்லை என்று பிறகு சொன்னான்.

உங்கள் வீட்டுப் பையனுக்குச் சில மாதங்களில் முதுகு நிறையப் பரு, மார்பில் வலியோடு ஒரு கட்டி, திடீர் எடை, சட்டென்று வெடிக்கும் கோபம், பிறகு விளக்க முடியாத சோர்வு என்று வந்தால் திட்டாமல் அழைத்து வாருங்கள். அறையில் கிடைத்த புட்டிகளைக் கோபத்தில் குப்பையில் வீசிவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வையுங்கள், லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.