அழுகிய சுறாவுக்கு நீளக் கழுத்து எங்கிருந்து வந்தது?

கரையில் பெரிதாக ஏதாவது அழுகி ஒதுங்கினால் போதும், ஒரு மணி நேரத்தில் அது ‘கடல் அரக்கன்’ ஆகி வாட்ஸ்ஆப்பில் சுற்றத் தொடங்குகிறது. கூடவே, ‘ஆதாரம்’ என்று ஜப்பான் படகில் நீளக் கழுத்தோடு தொங்கும் சடலத்தின் அந்தப் பழைய படமும் வந்துவிடும். எத்தனை முறைதான் மறுப்பது?

1977 ஏப்ரலில் நியூசிலாந்துக் கடலில் ஜுயோ மாரு என்ற அந்த இழுவைப் படகின் வலையில் சுமார் 10 மீட்டர் நீளச் சடலம் ஏறியது. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று திரும்பக் கடலில் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியவை சில படங்களும் துடுப்பு நார்களும். நாரைச் சோதித்தார்கள், பாஸ்கிங் சுறாவின் நாரோடு ஒத்துப்போனது.

“சுறாவுக்கு ஏது நீளக் கழுத்து?” என்கிறீர்கள். கழுத்தே கிடையாது. பாஸ்கிங் சுறா வாயை அகலத் திறந்து நீந்தி, மிதவை உயிரிகளைச் செவுளால் வடிகட்டித் தின்பது. அந்தப் பிரம்மாண்டமான தாடையும் செவுள் வளைவுகளும் மண்டையோட்டில் இறுகப் பிணைந்தவை அல்ல. அழுகும்போது முதலில் கழன்று விழுபவை அவைதான். மிஞ்சுவது சின்ன மண்டையோடும், அதன் பின்னால் வெறும் முதுகுத்தண்டும். அதைத்தான் தலை, கழுத்து என்கிறீர்கள். வாலிலும் இதே கதை: முதுகுத்தண்டு மேல்மடலுக்குள்தான் ஓடுகிறது, அது இல்லாத கீழ்மடல் உதிர்ந்ததும் சாட்டைபோல் ஒரு வால். பக்கத் துடுப்புகள் நான்கு கால்களாகிவிடும். ஆண் சுறா என்றால் இனப்பெருக்கத் தண்டுகள் இரண்டையும் சேர்த்து ஆறு! ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் 1808-ல் ஒதுங்கிய ‘அரக்கனுக்கு’ ஆறு கால், பிடரிமயிர் என்று எழுதி வைத்தார்கள். பிடரிமயிர் என்பது பிய்ந்த துடுப்பு நார். முள்ளெலும்பைப் பார்த்தவுடனே சுறா என்று உடற்கூறு அறிஞர் எவரார்ட் ஹோம் சொல்லிவிட்டார்.

ஆகவே படம் எடுப்பதானால் முள்ளெலும்பை எடுங்கள். சுறாவினுடையது உடுக்கைபோல் இருபுறமும் குழிந்து, குழிக்குள் வளையம் வளையமாக இருக்கும். பக்கத்தில் ஓர் அடிக்கோலோ துடுப்புக் கட்டையோ வையுங்கள். அளவு தெரியாத படத்தால், சடலத்தை ஆராயும் எங்களுக்குப் பயனில்லை. பக்கவாட்டில் முழு உடலும், தனியாகப் பல்லும் வேண்டும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் கீறல் இருந்தால் கிட்டவே போக வேண்டாம், திமிங்கலச் சடலத்தில் புரூசெல்லா கிருமி இருக்கலாம். நினைவாக ஒரு துண்டு வெட்டி எடுப்பதும் கூடாது. திமிங்கலமும் திமிங்கலச் சுறாவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாதிரியை அவர்கள் முன்னிலையில் எடுத்து எத்தில் ஆல்கஹாலில் போடுவோம். உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊறியதில் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

குழந்தைகளை அதன் மேல் ஏற்றிவிட்டுப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உப்பிய வயிற்றுக்குள் வாயு அடைத்திருக்கிறது, தோல் எப்போது கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது.