இரும்பு காட்டிக்கொடுக்கும் சுழற்சி

“கருந்துளைக்குத் தரை இல்லை, சூரியனில் தெரிவதுபோல் புள்ளிகளும் இல்லை. பிறகு எதை வைத்து அது சுற்றுகிறது என்கிறார்கள்?” ஒரு வாசகரின் கேள்வி. நியாயமானதுதான்.

சுற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுழலும் நட்சத்திரத்தின் மையம் நொறுங்கிக் கருந்துளையாகச் சுருங்கினால், கோண உந்தம் (சுழற்சியின் மொத்த அளவு) மாறாது என்பதால் சுற்றும் வேகம் கூடும். சுழலும் கருந்துளைக்கான கணக்கை 1963இல் நியூசிலாந்தின் கணிதவியலாளர் ராய் கெர் போட்டுக் கொடுத்தார். சுழற்சிக்கு ஓர் எண்: 0 என்றால் சுற்றவே இல்லை, 1 உச்சவரம்பு.

சரி, அளப்பது? கருந்துளையை விட்டுவிட்டு அதைச் சுற்றி வரும் வாயுத் தட்டைப் பார்க்க வேண்டும். ஓர் எல்லைக்கு உள்ளே எந்தச் சுற்றுப்பாதையும் நிலைக்காது. வாயு உள்ளே விழுந்துவிடும். 10 சூரிய நிறையுள்ள கருந்துளை சுற்றாமல் இருந்தால் அந்த எல்லை மையத்திலிருந்து சுமார் 90 கி.மீ. உச்ச வேகத்தில் சுற்றினால் 15 கி.மீ.தான். சுற்றியுள்ள வெளியையே அது தன்னோடு இழுத்துச் சுழற்றுவதால், அதே திசையில் ஓடும் வாயு இன்னும் நெருங்கித் தாக்குப்பிடிக்கும். எதிர்த்திசையில் ஓடினால் 135 கி.மீ.யிலேயே கதை முடிந்தது!

தட்டின் இவ்வளவு சின்ன உள்விளிம்பை எந்தத் தொலைநோக்கி பார்க்கும்? இங்கேதான் எனக்குப் பிடித்த இரும்பு வருகிறது. எக்ஸ் கதிர் பட்டால் தட்டில் உள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒளிரும். ஒளியை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில், ஆய்வகத்தில் அது ஊசிபோன்ற ஒற்றைக் கோடு. தட்டிலோ, நம்மை நோக்கி வரும் பக்கத்து ஒளியின் ஆற்றல் கூடுகிறது, விலகும் பக்கத்தில் குறைகிறது. போதாததற்கு, ஈர்ப்பிலிருந்து ஏறி வரும் ஒளி ஆற்றலை இழக்கிறது. கோடு ஜவ்வுமிட்டாய் மாதிரி குறைந்த ஆற்றல் பக்கம் வாலாக இழுபடுகிறது. வால் எவ்வளவு நீளமோ, விளிம்பு அவ்வளவு உள்ளே. சுழற்சியும் அவ்வளவு வேகம்.

குறுக்கே நிற்கும் வாயு மேகங்களும் இப்படியொரு வாலைக் காட்டலாமே என்று சிலர் மறுத்தார்கள். சுமார் 6 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் என்ஜிசி 1365 விண்மீன் மண்டலத்தின் நடுவில் சுமார் 20 லட்சம் சூரிய நிறையில் ஒரு கருந்துளை. 2012இல் நியூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இரண்டு எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கிகள் சேர்ந்து அதைப் பார்த்தன. நியூஸ்டார் பார்க்கும் உயர் ஆற்றலில் மேகக் கணக்கு பொருந்தவில்லை. சுழற்சி குறைந்தது 0.84 என்று 2013இல் அறிவித்தார்கள். நியூஸ்டார் நாசாவின் சிறிய திட்டங்களில் ஒன்று. நிதியைக் குறைக்கும்போது இப்படிப்பட்டவற்றின் மேல் முதலில் கத்தரி வைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அப்புறம், வாயுவையே நம்பாத வழியும் உண்டு. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கருவியில் பதிவான ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் அலை), இரு கருந்துளைகள் ஒன்றானதன் அதிர்வு. பிறந்த புதிய கருந்துளையின் சுழற்சி, அந்த அலையின் வடிவத்திலிருந்தே கிடைத்தது: சுமார் 0.67.