பட்டிங் – உருட்டடி

பட்டிங்: கோல்ஃப் ஆட்டத்தில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் சேர்க்கும் அடி. அந்தப் புல்தரை கிரீன். அங்கே எடுக்கும் மட்டை பட்டர். தமிழில் பட்டர் என்றால் கோயில் அர்ச்சகர் நினைவுக்கு வருவார், இல்லாவிட்டால் வெண்ணெய். பட்டிங்கையோ அவசரத்தில் பேட்டிங் என்று படித்துவிடுகிறோம். எனவே இதற்குத் தமிழ் தேடுவது வெறும் ஆசை அல்ல, குழப்பத்தைத் தீர்க்கும் வேலை.

வேர்: 'வை' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம் இது. அங்கே அதற்கு 'உந்து, தள்ளு' என்று பொருள். நாம் குண்டு எறிதல் என்று அழைக்கும் போட்டியின் ஆங்கிலப் பெயரிலும் இதன் உடன்பிறப்புதான் இருக்கிறது. அங்கே குண்டை வீசுவதில்லை, தோளிலிருந்து உந்துகிறார்கள். பந்தை மெதுவாகவும் கவனமாகவும் அடித்தல் என்ற கோல்ஃப் பொருள் 1743இல் பதிவாகியிருக்கிறது.

வேர்ப்பொருளை நம்பி 'தள்ளல்' என்று பெயர்த்தால் ஆட்ட விதியே குறுக்கே நிற்கும். பந்தை மட்டையின் தலையால் அடிக்க வேண்டும். தள்ளவோ வாரவோ கூடாது என்கிறது விதி 10.1. மீறினால், மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் இரண்டு அடி தண்டம். 'தட்டல்' பரவாயில்லை, ஆனால் குழியோரப் பந்துக்குத்தான் பொருந்தும். இருபது மீட்டர் தொலைவிலிருந்து தட்டினால் பந்து பாதி வழியில் படுத்துவிடும்.

என் தேர்வு உருட்டடி. மட்டைக்கு உருட்டுமட்டை. 'உருட்டும் புரட்டும்' என்ற வழக்கின் நெடி 'அடி' சேர்ந்ததும் போய்விடுகிறது. ஒரே சங்கடம், அடி நீள அளவையும் குறிக்கும். தூரத்தை மீட்டரில் எழுதினால் அதுவும் தீரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மட்டையை விட்டுக் கிளம்பியதும் பந்து உருள்வதில்லை, சற்றுத் தூரம் வழுக்கிய பிறகே உருளத் தொடங்குகிறது. அந்த உருளலின் வேகத்தைக் கையில் கொண்டுவருவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் குறைந்தது 42.67. இடம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் விரைந்து வரும் பந்துக்குக் குழியின் நடுப்பகுதி மட்டுமே திறந்திருக்கிறது. ஓரத்தில் பட்டால் சுழன்று வெளியேறிவிடும். அடங்கி வரும் பந்து ஓரத்திலும் விழும். ஆகவே வேகம் தப்பினால் திசை சரியாக இருந்தும் பயன் குறைவு.

திசைக்கு எளிய பயிற்சி உண்டு. குழியிலிருந்து ஒரு மீட்டரில் பந்தை வைத்து, உருட்டுமட்டையின் தலை மட்டும் நுழையும் இடைவெளி விட்டு இரண்டு டீக்களை (முதல் அடிக்குப் பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளைகள்) தரையில் குத்தி, அவற்றைத் தொடாமல் அடிக்க வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் நொடியில் மட்டையின் முகம் பார்க்கும் பக்கம்தான். வேகத்துக்கு, ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்துகளை உருட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவது பந்து முதல் பந்தின் திருத்தம், அவ்வளவுதான். போட்டியில் அந்தத் திருத்தம் கிடைக்காது. ஒரே பந்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தூரத்தையும் சரிவையும் மாற்றி, முழு முன்னொழுங்கோடு அடிப்பதே மேல்.

முன்னொழுங்கு என்பது அடிக்கு முன் மாறாமல் செய்யும் வரிசை. பந்தின் பின்னால் குனிந்து சரிவைப் பார்ப்பது, குழியைப் பார்த்தபடியே ஒன்றிரண்டு வெற்று வீச்சு, முதலில் மட்டையின் முகத்தைக் குறியில் நிறுத்திப் பிறகு கால்களை ஊன்றுவது, கடைசியாக ஒரு பார்வை, அடி. பந்து கிளம்பிய பிறகும் தலை நிமிரக் கூடாது. வரிசையில் எது முதலில் வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவருக்கே நாளுக்கு நாள் மாறுவதுதான் கெடுதல். நீட்டி முழக்கவும் வேண்டாம்: ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று 2019 முதல் விதிகளே பரிந்துரைக்கின்றன. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே இரண்டரை மீட்டரிலிருந்து ஏறக்குறையப் பாதியைத்தான் குழியில் போடுகிறார்கள் என்பதால், தவறியதும் முன்னொழுங்கை மாற்றக் கிளம்புவது வீண்.

ஒரு கிரீனில் மூன்று முறை உருட்ட நேர்வதை மூவுருட்டு எனலாம். பயன்பாடு: 'முதல் உருட்டடி குழியைத் தாண்டி மூன்று மீட்டர் ஓடியதால் மூவுருட்டில் முடிந்தது.'