ஆனந்தக் கண்ணீருக்கு வலது இடது கிடையாது

“சந்தோஷத்தில் அழுதால் முதல் சொட்டு வலது கண்ணில் வரும், துக்கத்தில் இடது கண்ணில் வரும்.” இந்த வாட்ஸ்அப் செய்தி எத்தனை வருடமாகச் சுற்றுகிறது! “பேரப்பிள்ளைகளப் பாத்தா ஆச்சிக்கு வலது கண்ணு நெறஞ்சிரும் டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே கூட்டி வருகிறார்கள். ஆச்சிக்கோ மூக்கோரம் வீங்கிச் சீழ் கட்டியிருக்கும்.

சந்தோஷமோ துக்கமோ, மனசு கொள்ளாமல் பொங்கினால் மூளையின் உத்தரவு இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளுக்கும் சேர்ந்தே போகும். சுரந்த நீர் கண்மூலையில், மேலிமைக்கு ஒன்று கீழிமைக்கு ஒன்றாக இருக்கும் ஊசிமுனைத் துளைகள் வழியாகக் கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கும். தாலி கட்டும்போது பெண்ணின் அப்பாவுக்கு மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். எந்தக் கண் முதலில் வழியும்? தலை சாய்ந்த பக்கம், கீழிமை தொய்ந்த பக்கம், குழாய் குறுகிய பக்கம். மனசுக்கு அதில் வேலையே இல்லை. வெங்காயம் நறுக்கும்போதும் அதே கண்தான் முதலில் வழியும், பாருங்கள்.

ஆனந்தக் கண்ணீர் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சும்மா இருக்கும்போதும் ஒரே கண் தினமும் நனைகிறதா, காலையில் பீளை ஒட்டுகிறதா? கையைக் கழுவிவிட்டு, கண்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே சுட்டுவிரலால் மெல்ல அழுத்துங்கள். துளையில் வெள்ளையாகச் சளி எட்டிப் பார்த்தால் கண்ணீர்ப்பைக்குக் கீழே குழாயில் அடைப்பு. பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி திறக்கும் ஆபரேஷன்தான் அதற்குத் தீர்வு. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் இதை மறைக்கவே கூடாது. அந்தப் பையில் தேங்கிய கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும். மூக்கோரம் சிவந்து, வீங்கி, வலித்தால் பிதுக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக்கில் வந்து இரண்டு கண்ணும் ஊற்றினால், அது கண் காய்ந்து வரும் நீர். கண்ணாடி போடுங்கள். மெடிக்கலில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தம் கூடும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் நீர் வடிந்தால் அந்தக் கண்ணில் தாய்ப்பால் விட வேண்டாம், தாய்மாரே. நகம் வெட்டிய விரலால் கண்மூலையை அழுத்தி, மூக்கோரமாகக் கீழ்நோக்கி 5 முதல் 10 தடவை நீவுங்கள், தினமும் 3 அல்லது 4 வேளை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் கண்ணீர்க் குழாய் தானே திறந்துவிடும். அதன் பிறகும் வடிந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். கண் சிவந்தாலோ வெளிச்சத்துக்குக் கூசினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.