ரீசனபிள் அக்கமடேஷன்: சட்டச் சொல்லும் அதற்குத் தக்க தமிழும்

‘ரீசனபிள் அக்கமடேஷன்’ என்பதைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் ‘நியாயமான தங்குமிடம்’ என்று வந்து நிற்கும். அதை அப்படியே பணியாளர் கையேட்டில் ஒட்டினால், மாற்றுத்திறனாளிகளுக்கு நிறுவனமே வீடு பார்த்துத் தரப்போகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சட்டத்தில் இந்தச் சொல் குறிப்பது வேறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 2, உட்பிரிவு ‘ஒய்’ தரும் வரையறையின் சாரம் இது: மாற்றுத்திறனாளி ஒருவர் தம் உரிமைகளை மற்றவர்களுக்குச் சமமாகத் துய்க்கத் தேவையான, பொருத்தமான மாற்றங்களும் திருத்தங்களும், குறிப்பிட்ட அந்த நேர்வில் அளவுக்கு மீறிய அல்லது தகாத சுமையை ஏற்றாதவை.

‘குறிப்பிட்ட அந்த நேர்வில்’ என்பதுதான் வரையறையின் உயிர். இது ஒரு ஆளுக்கும் அவர் பார்க்கும் வேலைக்கும் இடையே செய்யப்படுவது. அலுவலக வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்த ஏற்றம் 45 செ.மீ. 1:12 சரிவு வேண்டும் என்பதால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளத்துக்குப் போகும். அதைக் கட்டுவது அணுகல்தன்மை. சக்கரநாற்காலிக்காரர் ஒருவர்கூட வேலைக்குச் சேராதபோதும் அந்தக் கடமை உண்டு. சேர்ந்தவரின் முழங்கால் உள்ளே போகும்படி மேசையின் கீழ் இழுப்பறையைக் கழற்றி, அடியில் சுமார் 70 செ.மீ. இடைவெளி விடுவதுதான் அக்கமடேஷன். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது: அணுகல்தன்மை முன்கூட்டியே செய்து வைப்பது, மற்றது ஆள் வந்து தேவை தெரிந்தபின் செய்வது. இரண்டையும் குழப்பும் நிறுவனம், ‘நாங்கள்தான் சாய்தளம் கட்டிவிட்டோமே’ என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘அக்கொமொடாரே’ என்றால் பொருந்தச் செய்தல். ‘மோடஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து ‘கொமோடஸ்’, ஏற்றது, வசதியானது. அதன்முன் ‘அட்’ என்ற முன்னொட்டு. விருந்தாளிக்கு இடம் கொடுத்துப் பொருந்த வைப்பது என்ற வழியில் தங்குமிடப் பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. நமக்கு ஹோட்டல் பலகையில் அறிமுகமானது அந்தக் கிளைப்பொருள்தான்.

சட்டத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தது ஊனத்தை முன்னிட்டு அல்ல, மதத்தை முன்னிட்டு. சனிக்கிழமை ஓய்வுநாள் கடைப்பிடிக்கும் தொழிலாளிக்கு முறைப்பணியை மாற்றித் தர வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. குடிமை உரிமைகள் சட்டத்தில் 1972-இல் செய்த திருத்தம், தகாத இடர்ப்பாடு இல்லாத வரை முதலாளி இடம்கொடுக்க வேண்டும் என்றது. 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுக்கான விதிகள் இதை ஊனத்துக்கு நீட்டின. அந்த விதிகளில் கையெழுத்திடாமல் அரசு இழுத்தடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ நான்கு வாரம் உட்கார்ந்து போராடியதில், 1977 ஏப்ரலில் கையெழுத்தாயின. பிறகு 1990-இன் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம். பிறகு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2006-இன் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா அதை 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. நம் 2016 சட்டம் அந்த உடன்படிக்கையின் வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது.

எல்லா நாடும் இதே சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் ‘ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிறது. ஜெர்மன் சொல்லின் பொருள் முன்னேற்பாடு. பிரெஞ்சுச் சொல்லின் பொருள் ஒழுங்கமைப்பு. தங்குமிடக் குழப்பம் அவர்களுக்கு இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘நியாயமான வசதி’ பரவலாக வழங்குகிறது. ‘வசதி’ வடமொழியில் முதலில் குறித்ததும் குடியிருப்பையே. கன்னட நாட்டுச் சமணக் கோயிலான ‘பஸதி’ அதே சொல்தான். வீட்டில் தொடங்கிச் சௌகரியத்துக்கு வந்த சொல் அது. இன்று யாருக்கும் அந்தப் பழம்பொருள் நினைவில்லை என்பதால் அது குறையாகாது. குறை வேறிடத்தில்: வசதி என்றால் சலுகை, கூடுதல் சுகம் என்ற வாசனை வந்துவிடுகிறது. ‘அவருக்கு மட்டும் ஏன் வசதி?’ என்று சக ஊழியர் கேட்க இந்தச் சொல்லே வாய்ப்பளிக்கிறது. தனித்தமிழ்க்காரர்கள் தரும் ‘ஏந்து’ம் அதே பொருளில்தான் வந்து முடிகிறது. ‘தகவமைப்பு’ கேட்க அழகு. ஆனால் உயிரியலில் அது சூழலுக்கேற்ப உயிரி மாறுவதைக் குறிக்கிறது. இங்கே மாற வேண்டியது சூழல். ‘மாற்றேற்பாடு’ என்றால் அசலுக்குப் பதில் வேறொன்று என்றாகிவிடும். ‘இடமளித்தல்’ வேருக்கு நெருக்கம். இருக்கை ஒதுக்குவது போலவும் படுகிறது.

‘ஏற்பாடு’ எல்லோருக்கும் தெரிந்த சொல். யாரோ ஒருவர் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்ற பொறுப்பும் அதில் உண்டு. முன்னால் வரும் ‘ரீசனபிள்’தான் சிக்கல். ‘நியாயமான’ என்று போட்டதும் ‘இவ்வளவு செலவு நியாயமா?’ என்று பேச்சு பணத்துக்குத் தாவுகிறது. அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2018-இல் வெளியிட்ட ஆறாம் பொதுக் கருத்துரை இந்தத் தாவலைத்தான் தடுக்கிறது. ‘ரீசனபிள்’ என்பது விலக்குத் தரும் வாசகமாகாது. அந்த ஆளுக்கு அந்த ஏற்பாடு தொடர்புடையதா, பொருந்துகிறதா, பயன் தருகிறதா என்பதே அதன் பொருள். செலவைப் பார்ப்பது அடுத்த படியான சுமைச் சோதனையில். அப்படியானால் ‘தக்க’ என்பதே நெருக்கமான தமிழ். தகுதல் என்றால் பொருந்துதல். அதிலிருந்து வரும் ‘தகவு’ குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிறது. பொருத்தம், நேர்மை இரண்டையும் ஒரே வேர் சுமக்கிறது. எனவே தக்க ஏற்பாடு. கொள்கை ஆவணத்தில் முதல்முறை எழுதும்போது சட்டப்பிரிவின் எண்ணையும் சேர்த்துவிட்டால் எந்த வழக்கறிஞரும் தடுமாற மாட்டார்.

‘அன்ட்யூ பர்டன்’ தகாத சுமை. இதைச் சொல்லி மறுக்க நினைக்கும் நிறுவனம்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். ‘எங்கள் பிரிவில் பட்ஜெட் இல்லை’ என்பது போதாது. பிரிவின் கையிருப்பைவிட நிறுவனத்தின் மொத்த வளத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அதே கருத்துரை. ஒரு வழி பெருஞ்செலவென்றால் அடுத்த வழியைத் தேட வேண்டுமே தவிர, கோப்பை மூடிவிடக் கூடாது. செலவில் ஒரு பங்கைக்கூடப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்று நம் சட்டத்துக்கான 2017 விதிகளில் மூன்றாம் விதி எல்லா நிறுவனங்களுக்கும் சொல்கிறது.

நடைமுறையில் இது ஒரு உரையாடலாகத் தொடங்கும். ‘தக்க ஏற்பாடு கோருகிறேன்’ என்று யாரும் எழுதித் தரக் காத்திருக்க வேண்டாம். ‘திரையில் எழுத்து தெரியவில்லை’ என்று மேலாளரிடம் சொன்னாலே கோரிக்கை வந்துவிட்டதாகக் கொள்வது பாதுகாப்பு. கேட்க வேண்டியது நோயின் பெயரை அல்ல, பணியின் எந்தக் கூறு தடைப்படுகிறது என்பதை. அதற்குப் பணிப்பட்டியலை அடிப்படை வேலை, ஓரவேலை என்று பிரிக்க வேண்டும். கணக்கு எழுத்தருக்குப் பதிவிடுவது அடிப்படை. கோப்பை மூன்றாம் மாடிக்குச் சுமப்பது ஓரவேலை, அதை மாற்றிக் கொடுக்கலாம். அடிப்படை வேலையின் தரத்தைக் குறைக்கச் சட்டம் சொல்லவில்லை. அதைச் செய்யும் வழியை மாற்றத்தான் சொல்கிறது.

பார்வையற்ற பணியாளருக்கு என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம்; தமிழும் வாசிக்கும். பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கோப்பில் இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கு வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான சுற்றறிக்கை கண்ணுக்குத் தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுவதற்குப் பணமே செலவாகாது, ஆனாலும் இதைத்தான் முதலில் தட்டிக்கழிப்பார்கள். உள்அலுவலக மென்பொருளில் பெயரிடாத பொத்தான்கள் இருந்தால் திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்துவிடுவது நல்லது.

செவித்திறன் குறைந்தவருக்கு நீண்ட கூட்டமென்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் வேண்டும். 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் பெயர்ப்பின் தரம் இறங்கும். தானியங்கி வசனவரி தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தடுமாறும். நம்பி இறங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். தீ எச்சரிக்கைக்கு மணியோடு மின்னும் விளக்கும் தேவை. தலசீமியா உள்ளவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நாள்களை முன்கூட்டியே பட்டியலில் போட்டுவிட்டால் ‘திடீர் விடுப்பு’ என்ற புகாரே எழாது. தொழுநோயிலிருந்து குணமாகி விரல்கள் தேய்ந்தவருக்கு விரல்ரேகை வருகைப்பதிவு வேலை செய்யாது; அட்டை போதும். மனநல மருந்தால் காலையில் மயக்கம் உள்ளவருக்கு ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குவதும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் தருவதும் பெரிய மாற்றம்.

தேர்ந்த ஏற்பாட்டை மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். என்ன கேட்டார், என்ன செய்தோம், எந்தத் தேதியில், யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மேலாளர் மாறியதும் ஏற்பாடு காற்றில் போகும். பணியாளர் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். சக ஊழியருக்கு ஏற்பாடு தெரிந்தால் போதும், நோய் தெரிய வேண்டியதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, ‘40 சதவீதச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்பது. 40 சதவீதம் இடஒதுக்கீட்டுக்கான அளவுகோல். விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இறுகும் நோயுள்ள தேர்வர் ஒருவர், சதவீதம் எட்டாவிட்டாலும் தாம் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரைப் பெற உரிமையுள்ளவர் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தக்க ஏற்பாடு அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டதல்ல.

தனியார் நிறுவனங்கள் பிரிவு 20-ஐக் காட்டி ‘இது அரசுக்குத்தான்’ என்பதுண்டு. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் பெயர் சொல்கிறது, உண்மை. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்காமல் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்ற பாதுகாப்பும் அங்கேதான் உள்ளது. ஆனால் பிரிவு 2-இல் பாகுபாட்டின் வரையறையே தக்க ஏற்பாட்டை மறுப்பதையும் உள்ளடக்குகிறது. பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 3 அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை. சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தலைமை ஆணையரிடமோ பதிவுசெய்வதும் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் அதில் தேர்வு முறை, பயிற்சி, சிறப்பு விடுப்பு, உதவிக்கருவிகள், தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். குடியிருப்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘அக்கமடேஷன்’ உண்மையிலேயே வீட்டைக் குறிக்கும் இடம் அது. அந்தக் கொள்கையை ஸ்கேன் செய்த படமாக இணையதளத்தில் ஏற்றிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாக எண்ணும் நிறுவனங்களும் உண்டு.

அரசு அலுவலகத்தில் ஏற்பாடு மறுக்கப்பட்டால் முதலில் குறைதீர் அலுவலரிடம் புகார். பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். நடவடிக்கையில் நிறைவில்லை என்றால் மாவட்ட அளவிலான குழு. தனியாரில் அப்படி ஒரு அலுவலரைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. நேரே மாநில ஆணையரிடம் எழுதலாம். கேட்ட தேதி, கிடைத்த பதில், மறுப்புக்குச் சொன்ன காரணம் மூன்றும் கையில் இருந்தால் புகார் நிற்கும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பிரிவு 89.