ஆள் போன பின்னும் நிற்கும் மணம்

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அப்பா இறந்து சில வாரங்கள் ஆகின்றன. அவர் வளர்த்த நாய் அவருடைய கட்டிலடியை விட்டு நகர மறுக்கிறது. உணவு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறதா?"

மரணம் என்றால் என்னவென்று நாய்க்குப் புரிகிறதா என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. அந்தக் கட்டிலடியில் அதன் மூக்குக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

நாய் உள்ளிழுக்கும் காற்று மூக்குக்குள் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டும் தனிப் பாதையில் ஏறி, மூக்கின் பின்பகுதியில் உள்ள ஓர் அறைக்குள் நுழைகிறது. அங்கே மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக மடிந்திருக்கின்றன. அவற்றைப் போர்த்திய படலத்தில் மணம் உணரும் செல்கள் 20 கோடிக்கும் மேல். நமக்கோ சில பத்து லட்சங்கள்தான். எளிதில் கரையும் மூலக்கூறுகள் படலத்தின் முன்பகுதியிலேயே படிந்துவிட, மற்றவை உள்ளே வெகுதூரம் பயணிக்கின்றன. எது எங்கே படிந்தது என்பதே ஒரு தகவல்! வெளிமூச்சு இந்த அறைக்குள் புகுவதில்லை என்பதால், வந்த மணம் கலையாமல் தங்குகிறது. அந்த மூச்சு மூக்கின் ஓரப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் பீறிட்டு, எதிரே இருக்கும் புது மணத்தை மூக்கருகே இழுத்தும் தருகிறது. இத்தனையும் நொடிக்கு ஐந்து முறை அளவில் நடக்கிறது. பரிணாமம் செதுக்கிய கருவிகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

நம் உடலிலிருந்து தோல் துணுக்குகள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றோடு எண்ணெய்ப் பசையும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் வேறுபடும் மணத்தை உண்டாக்குகின்றன. அதில் இலேசான மூலக்கூறுகள் விரைவில் பறந்துவிடும். கனமான கொழுப்பு அமிலங்கள் தலையணையிலும் செருப்பின் உட்புறத்திலும் பல நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அப்பா ஒரே நாளில் இல்லாமல் போனார். நாய்க்கு அவர் இன்னும் மெல்ல மெல்லத்தான் குறைந்துகொண்டிருக்கிறார்.

அந்த மணம் மூளையில் என்ன செய்கிறது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை மயக்க மருந்தின்றி ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். பிறகு ஐந்து மணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்: தன்னுடையது, பழகிய நாய், பழகாத நாய், பழகிய மனிதர், பழகாத மனிதர். நல்லது ஏதோ கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புடைய பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்குத்தான் மிக அதிகமாகத் தூண்டப்பட்டது. அந்த மனிதரோ அப்போது நாயின் அருகில்கூட இல்லை. வெறும் நாற்காலியைப் பார்த்து நாய் வாலாட்டினால் ஆவியைக் காண்கிறது என்று பயந்து, அந்த நாயையே சிலர் விரட்டிவிடுகிறார்கள். இது கொடுமை. அங்கே ஆவி தேவையில்லை, பழைய துணி போதும்.

ஆகவே இறந்தவரின் துணிமணிகளை ஒரே நாளில் துவைத்து ஒழித்துவிடாதீர்கள் என்பேன். ஒரு போர்வையாவது நாயிடம் இருக்கட்டும். மணம் தன் போக்கில் மங்கட்டும்.

மணம் மங்கினாலும் பழக்கம் நிற்கும். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய், 1925 மே மாதம் இறந்துபோன பேராசிரியர் உஏனோவுக்காக 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை காத்திருந்தது. அத்தனை ஆண்டுகள் மணம் தங்கியிருக்காது. அவர் வழக்கமாக வரும் இடமும் நேரமும் நாயின் மனத்தில் நிலைத்து நின்றன. உணவு, நடை, உறக்கம் எல்லாவற்றையும் அதே நேரத்தில், அதே சொற்களைச் சொல்லித் தொடருங்கள். வீட்டில் ஒருவர் முதன்மையாகப் பொறுப்பேற்பது நல்லது. 2001இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள், காப்பகத்து நாய்களுடன் புதியவர் ஒருவரை அடுத்தடுத்து மூன்று நாள்கள், நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பழகவிட்டார்கள். அதற்குள்ளாகவே பல நாய்கள் அவரிடம் பற்றுக்கான அறிகுறிகளைக் காட்டின. புதிய பற்றுக்கு நாயின் மனத்தில் இடமுண்டு. தடவிக்கொடுத்தால் சோகம் பழக்கமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். அருகே வந்தால் தடவுங்கள், வராவிட்டால் இழுக்காதீர்கள்.

நாய்களின் துயரத்தைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. உடன் வாழ்ந்த இன்னொரு நாய் இறந்தால் வளர்த்தவர் கேள்வித்தாளை நிரப்பித் தருகிறார். வளர்த்தவரே இறந்தால், அந்த நாயை நன்றாக அறிந்த சாட்சியே போய்விடுகிறார். இதைக் கண்டறிய நீண்ட காலக் கண்காணிப்பு வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அற்ப விஷயம் என்று இதை ஒதுக்குகிற நிதிக்குழு எதுவானாலும் அதனுடன் நான் வாதாடத் தயார்.

உணவை மறுப்பதைத் துயரம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பல்வலியும் சிறுநீரகக் கோளாறும்கூட அப்படித்தான் தெரியும். ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரையும் மறுத்தால், அல்லது குட்டியோ வயதான நாயோ என்றால், அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.